டாசன் சிட்டியில் தங்கத்தைத் தவிர என்ன இருக்கிறது? போய்வந்தவர்கள் சொல்வது

எட்மன்டனிலிருந்து:

கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கான் ஆற்றங்கரையில் இருக்கிறது டாசன் சிட்டி. பெயரில்தான் சிட்டி. குளிர்காலத்திலும் அங்கேயே கிடப்பவர்கள் இரண்டாயிரம் பேர் இருந்தால் அதிகம். 1896 ஆகஸ்டில் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்தது, 1898-க்குள் முப்பதாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். அந்தக் கதையை வைத்துத்தான் ஊர் இன்றும் பிழைக்கிறது. பலகை நடைபாதை, மண் தெரு, அடியில் உறைந்திருந்த மண் இளகியதால் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய கடைகள், இரவில் சூதாட்ட விடுதியில் பாவாடையைத் தூக்கி ஆடும் நடனம். எல்லாம் ஜோர்தான்.

ஆனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வேறு ஒன்று கண்ணில் படும். க்ளோண்டைக் ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுக, மண்புழு கக்கிய மண்ணைப் பெரிதாக்கி வைத்ததுபோல வளைவு வளைவாகக் கூழாங்கல் மேடுகள். தங்கம் தேடிய ராட்சச மிதவை இயந்திரங்கள் ஆற்றின் வயிற்றைக் கிளறிப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டுப் போன கல் அது. கடைசி இயந்திரங்கள் ஓய்ந்து ஏறக்குறைய அறுபது வருடம் ஆகியும் அந்தக் கல்லின்மேல் புதர்தான் முளைத்திருக்கிறதே தவிர, காடு திரும்பவில்லை.

தங்கக்கூட்டம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே வாழும் பழங்குடிகளான ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்களின் பண்பாட்டு மையம் ஆற்றை ஒட்டிய முன்தெருவில் இருக்கிறது. பெயர் டானோஜா ஷோ. புதுக் கட்டடம் எழுப்பினாலும் தங்க வேட்டைக் கால முகப்புடன் இருக்க வேண்டும் என்பது டாசனின் வழக்கம். அந்த வரிசையில் இது ஒன்றுதான் வளைந்து கொடுக்காமல் நிற்கிறது. வெளியே சாய்ந்து எழும் மரச்சட்டங்கள் மீன் காயப்போடும் பந்தலை வைத்து வடிவமைக்கப்பட்டவை. திறந்தது 1998-இல். அந்த வருடம் ஜூலையில்தான் இந்த மக்கள் கனடா அரசுடனும் யூக்கான் அரசுடனும் நில உடன்பாட்டிலும் தன்னாட்சி உடன்பாட்டிலும் கையெழுத்திட்டார்கள். முகப்பு ஏன் ஊரோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்பவர்களுக்கு அந்தத் தேதியே போதும் என்று எனக்குத் தோன்றியது.

எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. குழுவில் ஒரு பெரியவர் வந்ததுமே, "அந்தக் காலத்தில் இவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று ஆரம்பித்தார். அவள் சிரித்துக்கொண்டே, "நேற்று ராத்திரி மூஸ் மான் கறி. அண்ணன் வேட்டையாடிக் கொண்டுவந்தது. மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது" என்றாள். அதற்கப்புறம் அந்த மனிதர் 'அந்தக் காலம்' என்ற பேச்சை எடுக்கவே இல்லை.

அவள் அதிக நேரம் நின்று பேசியது மீனைப் பற்றி. இந்த மக்கள் க்ளோண்டைக் ஆறு யூக்கானில் கலக்கும் இடத்தில் கழி நட்டு அணைபோலக் கட்டிச் சால்மன் பிடித்தவர்கள். யூக்கான் ஆறு அகலம், கலங்கல், இழுப்பும் அதிகம், அங்கே கழி நிற்காது. அதனால் ஒருவர் மேட்டில் நின்று தண்ணீரின் மேல்மட்டத்தில் ஓடும் அசைவைக் கவனிப்பார். கீழே பிர்ச் மரப்பட்டையில் செய்த சின்னப் படகில் ஒற்றை ஆள், கையில் நீளக் கழியில் கட்டிய கோரி வலை. மேட்டிலிருந்து குரல் வரும்: இடது, இன்னும் இடது, இப்போது இறக்கு. வலைக்குள் மீன் விழுந்தால் அது பத்துப் பதினைந்து கிலோ திமிறல். படகோ ஆளைவிட லேசு. அவள் இரண்டு கையாலும் கழியைப் பிடிப்பதுபோலக் காட்டி, இடுப்பை மட்டும் ஒரு வெட்டு வெட்டினாள். படகு கவிழாமல் இருப்பது அந்த வெட்டில்தானாம்.

பிடித்த மீனை அறுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதுகெலும்பை எடுத்துவிட்டு, இரு பக்கச் சதையும் வாலில் ஒட்டியிருக்கும்படி விட்டு, சதையில் விரல் அகலத்துக்குக் குறுக்கே கீறல் போட வேண்டும். தோல் வரை போகலாம், தோல் அறுபடக் கூடாது. அப்போதுதான் கழியில் தொங்கவிட்டால் காற்றும் புகையும் உள்ளே நுழையும். பெரிங் கடலிலிருந்து டாசன் வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேல் எதிர்நீச்சல், வழியில் இந்த மீன் எதுவும் தின்னாது. அத்தனை தூரத்துக்கும் வேண்டிய கொழுப்பை உடம்பிலேயே கட்டிக்கொண்டு வருவதால் நன்றாகக் காயாவிட்டால் சிக்கு வாடை அடித்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "இப்போது நாங்கள் பிடிப்பதில்லை" என்றாள். சினூக் சால்மன் வரத்து அடியோடு சரிந்துபோனதால் கனடாவும் அலாஸ்காவும் 2024-இல் ஏழு வருடத் தடைக்கு ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஏழு வருடம் என்பது அந்த மீனின் ஒரு தலைமுறை. ட்ரொண்டெக் ஹ்வெச்சின் மக்கள் அதற்கு முன்பே தாங்களாகவே கையைக் கட்டிக்கொண்டவர்கள். பிள்ளைகளுக்கான கோடை மீன் முகாம் மட்டும் நிற்கவில்லை. வலை பின்னுவது, பந்தல் கட்டுவது, வெளியிலிருந்து வாங்கிய மீனில் அறுத்துப் பழகுவது. எனக்கு அடுத்து நின்ற சிறுமி, "ஆற்றில் மீன் திரும்பி வரும்போது உனக்கு என்ன வயது ஆகும்?" என்று கேட்டாள். வழிகாட்டிப் பெண் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

அடுத்து பாடல்கள். இந்த இடத்துக்காகவே நான் இன்னொரு முறை போவேன்.

தங்கக்கூட்டம் வந்து இறங்கியபோது தலைவராக இருந்தவர் ஐசக். ஆறுகள் கூடும் இடத்தில் இருந்த ட்ரோச்செக் மீன்துறை ஒரே வருடத்தில் மரம் அறுக்கும் ஆலையும் மதுக்கடையும் விலைமாதர் குடிசைகளுமாக மாறி, 'பேன் ஊர்' என்று பெயரும் வாங்கியது. 1897-இல் ஐசக் தம் மக்களை ஆற்றில் ஐந்து கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் வேறு ஆளாக மாறிவிடுவார்கள், பாட்டு நிலைக்காது என்று கணக்குப் போட்டு, தம் மக்களின் பாடல்களையும் கன்ஹாக் என்ற ஆட்டக்கோலையும் அலாஸ்காவில் இருந்த சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய் ஒப்படைத்தார். ஐசக் 1932-இல் இறந்தார். பாடல்கள் அங்கேயே, அந்த மக்களின் வாயில் இருந்தன. 1990-களில் இங்குள்ளவர்கள் கேட்டபோது, அவர்கள் அவற்றைத் திருப்பிக் கற்றுக்கொடுத்தார்கள்.

எழுத்தில்லை, ஒலிப்பதிவில்லை. ஒருவர் நம்பிக் கொடுத்தார், இன்னொரு கூட்டம் இரண்டு மூன்று தலைமுறைக்குத் தங்கள் பாட்டோடு அதையும் சேர்த்துச் சுமந்தது. தங்க வேட்டையைப் பற்றி இந்த ஊரில் சொல்லும் கதைகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இதுதான் பெரிய கதை. ஊர்த் தெருவில் இதற்கு ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. மையத்துக்குள் வந்தால்தான் கேட்க முடிகிறது.

கடையைச் சொல்லாமல் விடக் கூடாது. மூஸ் தோல் செருப்பு, மேலே பூவேலைப்பாட்டில் பாசிமணி, ஓரத்தில் பீவர் ரோமம். விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒரு நிமிடம் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். புகை வாசனை வரும். தோலைச் சுரண்டி, ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, இழுத்து இழுத்து மென்மையாக்கி, கடைசியில் இற்றுப்போன ஸ்ப்ரூஸ் கட்டையைக் கனியவிட்டு அந்தப் புகையில் பிடித்தால்தான் அந்த நிறமும் வாசனையும். ஒரு தோலுக்கே பல வார வேலை. மணி கோப்பது அதற்கப்புறம்தான்.

ரொறன்ரோவிலிருந்து:

நான் டாசன் வரை போகவில்லை. வேலை விஷயமாக யூக்கானின் தலைநகரான வைட்ஹோர்ஸ் போனபோது கூட்டம் நடந்த இடமே அங்குள்ள பழங்குடிகளான க்வான்லின் டுன் மக்களின் பண்பாட்டு மையம். 2012-இல் ஆற்றங்கரையில் கட்டியது, நகர நூலகமும் அதே கட்டடத்தில்தான். ஒரு பக்கம் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வந்து போகினம், மறுபக்கம் கலியாணம், மாநாடு, மரணச் சடங்கு. அருங்காட்சியகம் என்று நினைத்துப் போனால் ஊர் மண்டபம் மாதிரி உயிரோடு இருக்கிறது. அந்த ஆற்றங்கரையிலிருந்து அந்தச் சனத்தைப் போன நூற்றாண்டில் திரும்பத் திரும்ப எழுப்பித் துரத்தியிருக்கிறார்கள். நெடுஞ்சாலை வந்தபோது ஒருக்கால், நகரத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று இன்னொருக்கால். 2005-இல் தன்னாட்சி உடன்பாடு. அதற்குப் பிறகுதான் கரைக்கே திரும்பி வந்து மையத்தைக் கட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு அம்மம்மா என் பக்கத்தில் வந்து இருந்தார். கதைக்கத் தொடங்கியதுமே தான் காகக் குலம், கணவர் ஓநாய்க் குலம் என்றார். பிள்ளைகள் தாயின் குலம். சொந்தக் குலத்துக்குள் கலியாணம் இல்லை. எங்கள் பக்கம் மச்சான் மச்சாளைக் கட்டுகிற முறையைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை, "பின்னே?" என்பதுபோலத் தலையாட்டினார்.

பிறகு சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. ஓநாய் வீட்டில் ஒருவர் இறந்தால் குழி தோண்டுவது, சமைப்பது, உடலைக் கவனிப்பது எல்லாம் காகத்தின் பொறுப்பு. துக்க வீட்டார் எதையும் தொடக் கூடாது. நாள் கழித்து அந்த வீட்டார் விருந்து வைத்து, வேலை செய்த ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று பொருள் கொடுத்து நன்றி சொல்ல வேண்டும். இதைத்தான் பொட்லாட்ச் என்கிறார்கள். கனடா அரசு 1885 தொடக்கம் 1951 வரை பொட்லாட்ச்சைச் சட்டத்தில் தடை செய்து வைத்திருந்தது. கடன் தீர்க்கிற ஒரு நன்றிச் சடங்குக்குச் சிறைத் தண்டனை! பாடசாலையில் என்ர மகள் இந்தத் தடையைப் பற்றி ஒரு பந்தி படித்திருக்கிறாள். குழி தோண்டினவருக்கு நன்றி சொல்வது பற்றி அதில் ஒன்றுமில்லை.

மறுபடி எட்மன்டனிலிருந்து:

காகம்–ஓநாய் பற்றிச் சொன்னதற்கு நன்றி. டாசனிலும் அந்தப் பேச்சு வந்தது, எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, அதனால் எழுதாமல் விட்டேன்.

கால்கரியிலிருந்து:

நாங்கள் பேருந்துச் சுற்றுலாவில் போனோம். அட்டவணையில் தட்டில் மண் அலசித் தங்கம் தேட அரை நாள், பண்பாட்டு மையத்துக்கு நேரமே இல்லை. என் மனைவி மட்டும் அலசலை விட்டுவிட்டு அங்கே போய்விட்டாள். அவள் வந்து சொன்ன கதைகளைத்தான் நான் இப்போது இங்கே இரண்டாம் தடவை படிக்கிறேன். எனக்குக் கிடைத்தது கடுகளவு தங்கத்தூள், ஒரு சின்ன சீசாவில். டாசனும் சுற்றியுள்ள இடங்களும் 2023-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும், அதில் ட்ரோச்செக்கும் மூஸ்ஹைட்டும் இருப்பதும் எங்கள் வழிகாட்டிக்கும் தெரிந்திருந்தது. பேருந்து நிற்கும் இடங்களில் மட்டும் அவை இல்லை.

வைட்ஹார்ஸில் வசிக்கும் மதுரைக்காரர்:

மூஸ்ஹைட் திருவிழாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1993-இல் தொடங்கி, ஓராண்டு விட்டு ஓராண்டு ஜூலை கடைசியில் நடத்துகிறார்கள். மற்ற நாட்களில் அது அவர்களின் சொந்த இடம், அனுமதி இல்லாமல் போய் இறங்கக் கூடாது. திருவிழாவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். டாசன் துறையிலிருந்து படகில் கூட்டிப்போகிறார்கள். குடிக்குத் தடை, அதில் பேச்சே இல்லை.

நான் போன வருடம் அலாஸ்காவிலிருந்து அந்தச் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். பாட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று எட்மன்டன் நண்பர் எழுதினாரே, அவர்களேதான். ஆட்டம் ஆரம்பித்ததும் மேளக்காரர்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் முன்னால். இவர்கள் ஒரு பாட்டை எடுத்தபோது அலாஸ்காக் கிழவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூடப் பாடினார். நடுவில் இளவட்டங்கள் ஓர் இடத்தில் வேகம் பிடித்துவிட்டார்கள். அவர் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். மேளம் உடனே இறங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யார் தட்டியது என்று எல்லோருக்கும் தெரியும்.

எதைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவார்கள். சில பாட்டுக்குப் போனை உள்ளே வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். சாப்பாட்டு வரிசையில் மூத்தவர்களுக்கு முதலில், சின்னப் பிள்ளைகளே தட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். சால்மனும் இருந்தது, இந்த ஆற்று மீன் இல்லை என்று பரிமாறியவரே சொன்னார். நீங்கள் தட்டோடு நிற்க வேண்டாம், உட்கார்ந்துவிடுங்கள், யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். கொசுவலைத் தொப்பி இருந்தால் கொண்டுபோங்கள். டானோஜா ஷோ கோடையில்தான் திறந்திருக்கும். அக்டோபரில் போய் நின்றுவிட்டு இங்கே வந்து புலம்பாதீர்கள்.