பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவு: தொடரலை ரேடார் போதுமா?

குன்னூர்க்காரன்:
மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைச்சாலையில் பனி இறங்கிவிட்டால் வளைவுகளில் வைத்திருக்கும் குவியாடியில் எதுவும் தெரிவதில்லை. வளைவின் இருபுறமும் 24 கிகாஹெர்ட்ஸ் தொடரலை ரேடாரைப் பொருத்தி, ஒருபக்கம் வண்டி வந்தால் மறுபக்கம் விளக்கு எரியச் செய்தாலே போதும் என்பது என் கருத்து. இந்த ரேடார் ஓயாமல் ஒரே அதிர்வெண்ணில் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். நெருங்கி வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும்; இதுதான் டாப்ளர் விளைவு. இரண்டையும் கலந்தால் கிடைக்கும் வேறுபாடு, நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்குச் சுமார் 160 ஹெர்ட்ஸ். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்துக்கு ஏறத்தாழ 1,780 ஹெர்ட்ஸ், அதாவது ஒலிபெருக்கியில் இணைத்தால் சீழ்க்கையாகவே காதில் விழும். மலைச்சரிவும் பாறையும் அசையாதவை என்பதால் அவற்றின் எதிரொலியில் வேறுபாடு இராது, தாமாகவே ஒதுங்கிவிடும்.

கூடலூர்த் தேயிலை:
அசையாதது ஒதுங்கிவிடும் என்று நீங்கள் சொல்லும் அந்த நன்மைதான் எனக்கு அச்சம் தருகிறது. வளைவுக்கு அப்பால் அச்சு முறிந்து நிற்கும் லாரி உங்கள் ரேடாருக்கு இல்லாத பொருள். சாலையோர மூங்கிலை ஒடித்துத் தின்றபடி நிற்கும் யானையும் பெரும்பாலும் அப்படியே. மேலும், மாறாத அலையில் 'இது எப்போது புறப்பட்டது' என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. ஆகவே வேகம் தெரியுமே தவிர, தூரம் தெரியாது. மலிவான கருவிகளில், அனுப்பும் அலையையும் திரும்பும் அலையையும் கலக்கும் கலப்பான் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது வண்டி ஏறி வருகிறதா, இறங்கிப் போகிறதா என்பதைக்கூடப் பிரித்துச் சொல்லாது.

பழைய ரேடார்:
தூரம்தான் வேண்டுமென்றால் துடிப்பு ரேடார் இருக்கிறதே? துடிப்பை அனுப்பிவிட்டு, எதிரொலி வரும் நேரத்தை அளந்தால் போயிற்று.

கூடலூர்த் தேயிலை:
ஐயா, வானூர்திக்கும் மழைமேகத்துக்கும் அது சரி. துடிப்பை அனுப்பும் நேரம் முழுவதும், எதிரொலியை வாங்கும் ஏற்பி மூடியிருக்க வேண்டும். 1 மைக்ரோநொடித் துடிப்பென்றால் முதல் 150 மீட்டருக்குள் இருக்கும் எதுவும் புலப்படாது. நம் வளைவின் மொத்த நீளமே அதற்குள் அடங்கிவிடும். நான் கேட்பது, தொடரலையை நிறுத்தாமலே அதன் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போகும் ரேடாரை. 1 மில்லிநொடியில் 150 மெகாஹெர்ட்ஸ் ஏற்றினால், 100 மீட்டர் தொலைவிலிருக்கும் பொருளின் எதிரொலி வந்து சேர்வதற்குள் அனுப்பும் அலை 100 கிலோஹெர்ட்ஸ் மேலே போயிருக்கும். அந்த வேறுபாடே தூரம்; நிற்கும் பொருளுக்கும் அது கிடைக்கும். அருகருகே உள்ள பொருள்களை ஏறத்தாழ 1 மீட்டர் நுட்பத்தில் பிரிக்கலாம். வானூர்திகளின் உயரமானியும் இந்த முறையில்தான் தரையை அளக்கிறது.

குன்னூர்க்காரன்:
அப்படியானால் தடுப்புச்சுவர், மைல்கல், பாறை எல்லாமே திரும்பி வந்து நிற்குமே, அவற்றுள் யானை எது என்று கருவிக்கு யார் சொல்வது? காலிச் சாலையின் எதிரொலியைப் பதிந்து வைத்துக் கழிக்கலாம் என்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஓரிரவில் மண் சரிந்து சாலையோரமே மாறிவிடும் இடம் இது. பதிவைக் கருவியே அவ்வப்போது புதுப்பிக்கட்டும் என்று விட்டாலோ, அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் லாரியையும் பாறைக் கணக்கில் சேர்த்துவிடும். என் தொடரலை ரேடாருக்கு இந்தத் தொல்லை இல்லை, செலவும் குறைவு.

கூடலூர்த் தேயிலை:
தார்ச்சாலைக்கு உட்பட்ட தூரங்களுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பையே தடுத்துவிடலாம். அங்கே புதிதாக எது நின்றாலும், சரிந்த மண்ணாகவே இருந்தாலும், ஆள் வந்து பார்க்கும்வரை விளக்கு எரியட்டும். சாலையோரத்துக்கு மட்டும் உங்கள் டாப்ளர் முறையை நானும் எடுத்துக்கொள்கிறேன். யானை நின்றாலும் அதன் காது நிற்பதில்லை. ஒரு குறிப்பிட்ட தூரத்திலிருந்து வரும் எதிரொலி, அடுத்தடுத்த அதிர்வெண் ஏற்றங்களில் அந்தக் காதசைவுக்கேற்ப ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால், அந்த இடத்தைப் பாறையாகச் சேர்க்காமல் விடலாம். தூரம் தெரியாத ரேடாரில் அதே காதசைவு, காற்றில் ஆடும் மூங்கிலோடு கலந்து ஒரே இரைச்சலாகத்தான் வரும்.

குன்னூர்க்காரன்:
யானை நிற்பதே மூங்கில் புதருக்குள்தானே, நண்பரே. இரண்டும் ஒரே மீட்டருக்குள் விழும்போது எப்படிப் பிரிப்பீர்கள்?