எட்டு அண்ணனோட மஸ்கி மீன் தூண்டில் பெட்டி என்கிட்ட வந்திருக்கு. என்ன செய்றது?

ஈசூன்_பஸ்காரன்:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன்தான், எழுதுறது இது ரெண்டாவது தடவை. கேள்வி கடைசியில இருக்கு, அவசரக்காரங்க நேரா அங்க போயிடலாம்.

சிங்கப்பூர் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துல தூண்டில் போடுறவங்க பாதிப் பேருக்கு எட்டு அண்ணனைத் தெரிஞ்சிருக்கும். தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் தவறிட்டார். தூக்கத்திலேயே மாரடைப்பு. மண்டாய் தகனச்சாலைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அண்ணியே அசந்துட்டாங்க. சீனர், மலாய்க்காரர், ரெண்டு பிலிப்பினோ பசங்க. பாதிப் பேருக்கு அவரோட சொந்தப் பேர் தெரியாது. 'அங்கிள் எய்ட்'னுதான் சொல்றாங்க.

தெரியாதவங்களுக்காக அந்தப் பேரோட கதை. கம்பெனி அவரை ரெண்டு வருஷத்துக்கு அமெரிக்காவுல மினிசோட்டா மாநிலத்து மினியாபொலிஸுக்கு அனுப்பியிருந்துச்சு. அங்க கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் பக்கத்துல இருக்கிற மினிடோங்கா ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். மஸ்கிங்கிற மீனைப் பிடிக்க. நம்ம விரால் மாதிரி நீள உடம்பு, வாத்து அலகு மாதிரி தட்டை மூஞ்சி, வாய் நிறைய ஊசிப் பல்லு. 'பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்'னு அந்த ஊர்ல அதுக்குப் பேர். அண்ணன் முதல் கோடை பூரா வீசி ஒண்ணுகூடப் பிடிக்கலை. அடுத்த வருஷம் நாலு. பெருசு 49 அங்குலம். நாலையும் தண்ணியிலேயே விட்டுட்டார். போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுலயும் மீனைவிட அவரோட கம்பளிக் குல்லாதான் நல்லாத் தெரியும்.

இந்த மீனுக்கு ஒரு குணம். லூர், அதான் செயற்கை இரை, அது பின்னாலேயே படகு வரைக்கும் வரும். கடிக்காது. பார்த்துட்டு நிக்கும். அதனால ஒவ்வொரு வீச்சு முடியும்போதும் தூண்டில் ராட் நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு லூரை எட்டு போட வைக்கணும். அகலமா போடணும், வளைவுல வேகம் கூட்டணும். சுருக்கி வளைச்சா அவ்வளவு நீள மீனால திரும்ப முடியாது, கோவிச்சுக்கிட்டுப் போயிடும்னு சொல்வார். இங்க வந்தும் அந்தப் பழக்கத்தை விடலை. பழைய துண்டை மடிச்சுப் போட்டு, மேல மண்டி போட்டு, தோமானுக்கும் (இங்கத்துப் பெரிய விரால்) எட்டு, பீகாக் பாஸ் மீனுக்கும் எட்டு. "என்ன அங்கிள், கிளாஸ் 2பி டெஸ்ட்டா?"ன்னு பசங்க கத்துவாங்க, பைக் லைசென்ஸ் டெஸ்ட்ல எட்டு போடச் சொல்வாங்களே, அது. கண்டுக்கவே மாட்டார்.

தண்ணி 27 டிகிரியைத் தாண்டினா அங்க நல்ல தூண்டில்காரங்க மஸ்கி பக்கமே போக மாட்டாங்களாம். போராடிக் களைச்ச மீன், விட்டாலும் செத்துப் போயிடும்னு. "நம்ம ஊர்ல மஸ்கி இருந்திருந்தா வருஷம் பூரா லீவுதான்டா"ன்னு சிரிப்பார்.

எட்டு வருஷம் அவர் பக்கத்துல நின்னிருக்கேன். எனக்கு ஷிஃப்ட் எப்படி விழுதோ அதுக்குத் தகுந்த மாதிரி வாரத்துல ஒரு காலை. சின்ன லூரெல்லாம் போட்டு முடிச்சு, கிளம்புற நேரத்துல பெரிய ராட்டை எடுத்து அந்த மஸ்கி மர லூரை முப்பது வீச்சு வீசுவார். அது ஒரு சாண் நீளம். தண்ணியில விழுந்தா தேங்காய் விழுந்த சத்தம். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அதுல ஒரு மீன்கூட விழுந்ததில்லை.

16ஆம் நாள் காரியம் முடிஞ்சு அண்ணி அந்தப் பெட்டியை என் கையில கொடுத்தாங்க. மர லூர் ஒண்ணு, உடம்பெல்லாம் மினிசோட்டா பல் தடம். மான் வால் முடி கட்டி ரெண்டு தகடு சுத்துற லூர் மூணு. ஹூக் வெட்டுற கட்டர், நீள மூக்குக் குறடு, அந்தத் துண்டு, அப்புறம் ஆள் எண்ணுறவங்க கையில வச்சு அழுத்துவாங்களே, அந்த கிளிக்கர் ஒண்ணு.

கேள்வி:

ஹூக் எல்லாம் துரு. மாத்தலாமா, அப்படியே விடலாமா? என் தோமான் ராட்ல இதையெல்லாம் வீச முடியுமா, இல்லை கண்ணாடி போட்டு சுவர்லதான் மாட்டணுமா? "சும்மா வச்சிருக்கிறவங்ககிட்ட கொடுத்துடாதே"ன்னு அண்ணி சொல்லியிருக்காங்க.

இன்னொண்ணு. கிளிக்கர்ல 0003னு இருந்துச்சு. ராட் பிடியில ரப்பர் போட்டு அதை மாட்டியிருப்பார். டிக் டிக்னு கேட்கும், நான் ரீல் பழசுன்னு நினைச்சுட்டேன். எதை எண்ணினார்னு யாருக்காவது தெரியுமா?

துருப்பிடிச்ச_ரீல்:

அனுதாபங்கள் அண்ணே. ஒருமுறை எனக்கு பிரெய்டு நூல் முடிச்சு போடக் கத்துக் கொடுத்திருக்கார்.

ஹூக்கைக் கட்டாயம் மாத்துங்க. வெளியில புள்ளி புள்ளியா தெரிஞ்சா உள்ள பலம் போயிருக்கும். ஹூக்கை லூரோட இணைக்கிற ஸ்ப்ளிட் ரிங்கையும் சேர்த்து மாத்துங்க, எல்லாரும் மறக்குறது அதைத்தான். மர லூருக்கு மட்டும் கவனம். பழைய ஹூக்கை நிறுத்துப் பார்த்து அதே எடையில போடுங்க, இல்லைன்னா மிதப்பு மாறி ஓட்டமே கெட்டுடும். ஹூக் நுனிக்குப் பின்னால இருக்கிற எதிர்முள்ளைக் குறடால நசுக்கிடுங்க.

ராட் விஷயத்துல விளையாடாதீங்க. அந்த லூர் எப்படியும் 80 கிராம் வரும். உங்க தோமான் ராட் பிடிக்கு மேல எவ்வளவு எழுதியிருக்குன்னு பாருங்க. 30 கிராம் தாண்டாதுன்னு நினைக்கிறேன். முழு பலத்தோட வீசினா ராட் ரெண்டு துண்டு, லூர் பின்னாடி ஓடுற ஆளோட தலையில.

பிடோக்_ஜெட்டி_மாமா:

அவர் எண்ணினது அந்த மர லூர் வீச்சைத்தான். என்கிட்ட சொல்லியிருக்கார். அதுல தோமான் விழுந்தா பூஜ்யத்துக்குத் திருப்பணும்னு ஒரு சட்டம் வச்சிருந்தார். தீபாவளி சமயம் பார்த்தப்போ ஒன்பதாயிரத்து எழுநூறு சொச்சம். "பத்தாயிரம்னு அந்த ஊர்க்காரன் சொன்னான், நான் இங்க சரிபார்க்கிறேன்"னார்.

அப்போ 0003 எப்படி? மீன் விழுந்து திருப்பியிருப்பாரோ?

ஈசூன்_பஸ்காரன்:

மாமா, கை நடுங்குது. அந்த மாசம் எனக்கு ஞாயித்துக்கிழமை பூரா காலை ஷிஃப்ட், கடைசி மூணு வாரம் நான் போகவே இல்லை. மீன் விழுந்திருந்தா போன் பண்ணியிருப்பாரே?

குஞ்சு_தோமான்:

எழுத வேணாம்னுதான் இருந்தேன். எனக்கும் அவருக்கும் ஆகாது. தோமான் குஞ்சுக் கூட்டம் தண்ணி மேல சிவப்பா கொதிச்சுக்கிட்டு வரும்ல, அதுக்கு நடுவுல நான் ஒருநாள் தவளை லூரைப் போட்டேன். கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்கும், போட்டா கண்டிப்பா அடிக்கும், பசியில இல்லை, கோபத்துல. அதுக்கு அவர் என் மகன் முன்னாடியே என்னைக் கத்தினார். பெத்ததுகளைத் தூக்கிட்டா அந்தக் குஞ்சுகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதுன்னு. அவர் சொன்னது சரி. அதுக்கப்புறம் நான் குஞ்சு மேல போடுறதில்லை. ஆனா பிள்ளை முன்னாடி கத்தினது தப்பு, இன்னைக்கும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கடைசி ஞாயிறு நான் இருந்தேன். இருபதடி தள்ளி. மீன் எதுவும் விழலை, ஏன்னா நான் அவரைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன் (பிடிக்காதவரைத்தானே நல்லாப் பார்ப்போம்). பெரிய ராட்டை வீசிக்கிட்டு இருந்தவர் திடீர்னு நின்னு கைப்பிடியை உத்துப் பார்த்தார். அப்புறம் சும்மா ரெண்டு மூணு வீச்சு, எட்டோட. இடி முழங்குச்சு. மின்சாரம் கடத்துற கார்பன் ராட்டை வச்சுக்கிட்டு யார் நிப்பா, எல்லாரும் கூரைக்குக் கீழ ஓடினோம். மழை விட்டதும் காப்பிக் கடையில எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்கும். எதுக்குன்னு சொல்லலை.

துருப்பிடிச்ச_ரீல்:

நாலு இலக்க கிளிக்கர். 9999க்கு அப்புறம் 0000 தானே வரும்!

பிடோக்_ஜெட்டி_மாமா:

10,003. அடப்பாவி மனுஷா.

ஈசூன்_பஸ்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தோமான் தம்பி, உங்களுக்கு ரொம்ப. அண்ணிகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன். "அந்த ஞாயிறுதான் நனைஞ்சுட்டு வந்து சிரிச்சுக்கிட்டே இருந்தார், குடிச்சிட்டாரோன்னு நினைச்சேன்"னாங்க.

ஹூக், ரிங் எல்லாம் வாங்கிட்டேன், எடை பார்த்துத்தான். ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. பெட்டி கைக்கு வந்த அன்னைக்கு, கிளிக்கர் வேலை செய்யுதான்னு நான் ஒரு அழுத்து அழுத்திட்டேன். இப்ப 0004. இதுல ஒண்ணு குறைக்க வழியே இல்லை, திருகினா மொத்தமா பூஜ்யத்துக்குப் போயிடும்.

ஆக ஒரு வீச்சு பாக்கி. அவரோட பெரிய ராட்டைத் தம்பி மகன் ஜொகூருக்குக் கொண்டு போயிட்டான். 100 கிராம் தாங்குற ராட் வச்சிருக்கிறவங்க யாராவது வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வர முடியுமா? அஞ்சு நிமிஷம் போதும். துண்டு நான் கொண்டு வர்றேன்.

குஞ்சு_தோமான்:

என்கிட்ட இருக்கு. 120 கிராம் தாங்கும். மகனையும் கூட்டிட்டு வர்றேன்.