அலுமினியப் படகின் தளம் உளுத்துவிட்டது: பழைய பர்மா தேக்குப் பலகை போடலாமா?

கண்மாய்க்கரை (தேவகோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் மச்சானும் ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கிறோம். எங்களிடம் 12 அடி நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்று இருக்கிறது. ரிவெட் அடித்தது, வாங்கும்போதே பழையது. ஐப்பசி மழைக்குப் பிறகு கண்மாயில் வலை விடுவோம். தண்ணீர் வற்றியதும் படகை வண்டியில் ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோய்க் கரையோரத்தில் தூண்டில் போடுவோம்.

போன மாதம் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது தளம் உடைந்து என் வலது கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பெயர்த்தேன். பிளைவுட் விபூதிபோல் உதிர்ந்தது. அதற்கு அடியில் அடைத்திருந்த மஞ்சள் நுரையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. மீன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிலோ. இரண்டு ஆண்டுகளாக இவ்வளவு தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் படகை ஓட்டியிருக்கிறோம்.

என்னைக் கலங்க வைத்தது அதுவல்ல. பலகை பதிந்திருந்த வங்குகளின்மேல், அதாவது படகின் குறுக்கே விலா எலும்புபோல் ஓடும் சட்டங்களின்மேல், வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. சுரண்டினால் அடியில் குழி குழியாக இருக்கிறது. இரவில் படகுக்கு அடியில் விளக்கை வைத்துப் பார்த்தபோது அடித்தகட்டில் மூன்று இடங்களில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. இந்தத் தளத்தைப் போட்டு நான்கே ஆண்டுதான் ஆகிறது என்று விற்றவர் சொன்னார். அலுமினியம் துருப்பிடிக்காது என்றல்லவா நினைத்திருந்தேன்?

எங்கள் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாங்கட்டை இடித்தபோது, என் பங்குக்கு ஆறு பர்மா தேக்குப் பலகைகள் வந்தன. ஓர் அங்குலக் கனம், உளுக்காத மரம். அவற்றையே தளமாகப் போட்டுவிடலாமா? ஓட்டைகளை எப்படி அடைப்பது? நுரை மறுபடியும் தேவையா?

பாக்நீரிணை (தொண்டி)

அண்ணே, தேக்கு தண்ணீருக்கு அஞ்சாது, உண்மைதான். ஆனால் எடையைப் பாருங்கள். உங்கள் படகின் தளம் ஏறக்குறைய 30 சதுர அடி வரும். ஓர் அங்குலத் தேக்கு போட்டால் 45 கிலோ. 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் அதில் பாதிதான். நுரை குடித்த தண்ணீரை இறக்கிவிட்டு அதே சுமையை மரமாக ஏற்றுவானேன்?

மிதப்புக்கு ஏதாவது கட்டாயம் வேண்டும். அலுமினியப் படகில் தண்ணீர் நிறைந்தால் கல்போல இறங்கிவிடும். ஆனால் முழுவதையும் தளத்துக்கு அடியில் அடைக்காதீர்கள். நிறைந்த படகு அப்போது சட்டென்று கவிழும். பக்கவாட்டில், விளிம்பை ஒட்டி உயரமாக வைத்தால் நிமிர்ந்தே மிதக்கும். நான் மூடி இறுக்கிய 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை வரிசையாகக் கட்டியிருக்கிறேன். ஒன்று ஏறக்குறைய 5 கிலோவைத் தாங்கும், தண்ணீரைக் குடிக்காது. தெர்மோகோல் வேண்டாம். பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும்.

அரிமானம் (காரைக்குடி)

தம்பி, நான் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அரிமானப் பிரிவில், அதாவது உலோக அரிப்பை ஆராயும் பிரிவில், உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 1953-இல் திறந்த நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் அலுமினியத்தை இரும்பைப்போலவே நடத்துகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் காற்றுப்பட்டு மறுபடியும் படிந்துவிடும். ஈர நுரையும் ஈரப்பலகையும் நாள்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் அந்த இடத்துக்குக் காற்று போகாது, படலம் சிதைந்து குழி விழும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடிதான் அலுமினியத்தின் துரு.

இதைவிடக் கொடியது தாமிரம். பெயர்த்த பலகையின் ஓரங்களில் பச்சைச் சாயல் தெரிகிறதா என்று பாருங்கள். கரையான், பூஞ்சை தாக்காமல் இருக்கப் பலகைக்கு ஏற்றும் மருந்துகளில் தாமிர உப்பு கலந்தவை உண்டு. கடைகளில் 710 என்று கேட்டு வாங்கும் கடல்தரப் பிளைவுட்டிலும் அத்தகைய மருந்து ஏற்றியது வரும். ஈரத்தில் தாமிரம் கசிந்து அலுமினியத்தின்மேல் புள்ளியாகப் படியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்ன மின்கலம். அதில் அலுமினியம்தான் கரையும். உப்புநீர் பட்டால் வேகம் பல மடங்காகும். நான்கு ஆண்டில் ஓட்டை விழுந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே எந்தப் பலகை போட்டாலும் அது வங்கைத் தொடக்கூடாது. இடையில் பிளாஸ்டிக் பட்டை கொடுங்கள். திருகாணி 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அதற்கும் நைலான் வாஷர் போட்டு, துளையில் சீலண்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) தடவி இறக்குங்கள். பழைய இரும்புத் திருகாணியில் ஒன்றுகூட உள்ளே தங்கக்கூடாது.

இரும்பில் தேய்த்த கம்பித்தூரிகையால் தகட்டைத் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் பதிந்துகொள்ளும். ஆசாரி காதில் செருகியிருக்கும் பென்சிலால் கோடு போட விடாதீர்கள். அதிலுள்ள கிராஃபைட்டும் அரிக்கும், மார்க்கர் பேனா கொடுங்கள். தொண்டியில் மரப்படகுகளின் அடியில் பூசும் தாமிரச் சாயத்தை யாராவது மீதி இருக்கிறது என்று கொடுத்தால், கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஊசித்துளையை, நல்ல உலோகம் தென்படும்வரை துளைத்துப் பெரிதாக்கி, சீலண்ட் தடவி, முனை மூடிய அலுமினிய ரிவெட் அடியுங்கள். குழிகள் நெருக்கமாக இருந்தால் ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடிப்பதே நல்லது. மக்குப் பசை மட்டும் வைத்தால் வெயிலில் விரிந்து சுருங்கிக் கழன்றுவிடும்.

என்னைக் கேட்டால் மரமே வேண்டாம். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டையே தளமாகப் போடுங்கள். எடை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குச் சமம். வங்குகளுக்கு இடையில் அலுமினிய ஆங்கிள் கொடுத்தால் தொய்யாது.

பாக்நீரிணை (தொண்டி)

ஐயா சொல்வதெல்லாம் சரி, தகட்டைத் தவிர. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு அந்தத் தகட்டில் வெறுங்காலுடன் நின்று பாருங்கள், பாதம் வெந்துவிடும். மீனும் வாடிவிடும். வேலை செய்யும் படகுக்குப் பலகைதான்.

தச்சன்மகள் (பள்ளத்தூர்)

பலகை என்று முடிவானால் எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின்) ஆறு பக்கமும் பூசுங்கள், அடிப்பக்கத்தையும் சேர்த்து. வெட்டு விளிம்புக்கு மூன்று முறை, ஏனென்றால் பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். திருகாணித் துளைகளைப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்தபின் அதற்குள் மறுபடியும் துளையிடுங்கள். திருகாணி அப்போது மரத்தையே தொடாது.

காலையில் பூசாதீர்கள். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாக வரும். மாலை நான்கு மணிக்குமேல், மரம் சூடாகி ஆறும் நேரத்தில் பூசினால் மரம் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் சின்னச் சின்னக் கிண்ணமாகக் கலக்குங்கள். வெயிலில் எபாக்ஸி வெளிறிப் போகும், மேலே பாலியூரித்தேன் பெயிண்ட் கட்டாயம்.

அந்தத் தேக்கை அறுக்காதீர்கள் அண்ணே. அந்தக் கனத்தில், அந்த ரேகையோடு இனி வாங்க முடியாது. என் அப்பா இருந்திருந்தால் உங்கள் வீட்டுக்கே வந்து சண்டை போட்டிருப்பார்.

கண்மாய்க்கரை (தேவகோட்டை)

எல்லோருக்கும் நன்றி. முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பலகையின் ஓரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. கடைக்காரரிடம் தாமிர மருந்து பற்றிக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அதனால் எபாக்ஸி, பிளாஸ்டிக் பட்டை இரண்டையும் நம்பி 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டேன். மாலை நேரத்தில் பூசியதில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பின்பக்கம், எஞ்சின் பெட்ரோலும் எண்ணெயும் சிந்தும் இடத்தில் மட்டும் தகடு. தளத்தை மூன்று துண்டாகச் செய்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி அடியில் கழுவிக் காயவைக்கலாம். ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டிருக்கிறேன், தண்ணீர் தேங்காமல் பின்பக்கத் துளைக்கு ஓடிவிடும். இரு பக்கத்திலும் 24 கேன்கள் கட்டியாயிற்று.

தளத்தை மூடுவதற்கு முன்பு, வாசலில் நான்கு கட்டைகளின்மேல் படகை ஏற்றி உள்ளே நான்கு அங்குலம் தண்ணீர் நிரப்பினோம். மூன்று ஓட்டைகளும் அடைபட்டுவிட்டன. அணியத்தின் (படகின் முன்முனை) பக்கம் பழைய ரிவெட் ஒன்றில் வியர்வைபோல் கசிந்தது. மச்சான் உள்ளே இரும்புக்கட்டையை அணைத்துப் பிடிக்க, நான் வெளியே சுத்தியலால் இறுக்கினேன். இரவு முழுவதும் அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தோம். காலையில் உலர்ந்தே இருந்தது.

ஐந்து தேக்குப் பலகைகள் பரணுக்கே போய்விட்டன. ஆறாவதில் ஒரு முனை ஏற்கெனவே பிளந்திருந்தது. அதை மட்டும் நடு இருக்கைக்கு வைத்துக்கொண்டேன். காந்தத்தை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பழைய இரும்பாணிகள் உள்ளே புதைந்திருந்தன. எடுத்துவிட்டு, நைலான் வாஷர் போட்டுப் பொருத்தியிருக்கிறேன்.