நெல் விற்ற காசைப் போன் கம்பனிப் பங்கில் போடலாமா?

மல்லாவியான்:
பெரும்போக நெல் விற்று, உரக்கடைக் கடன், வெட்டு மெசின் கூலி எல்லாம் கழித்து 4 லட்சம் கையில் நிற்கிறது. கொழும்பில் இருக்கும் மச்சான் ஒரு கிழமையாக விடுகிறான் இல்லை. "2024இல உலகம் முழுக்க ஸ்மார்ட்போன் விற்பனை 6 வீதம் கூடியிருக்கு, முதலீட்டாளர் எல்லாம் அங்கதான் ஓடுறாங்கள், நீ இன்னும் நெல்லுக்குள்ள நிக்கிறாய்" என்கிறான். எங்கள் வீட்டிலேயே ஐந்து பேருக்கு ஆறு போன். அவன் சொல்வதும் சரிபோலத்தான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பரந்தன் போன்கடை:
தம்பி, பதின்மூன்று வருடமாகப் போன் கடை வைத்திருக்கிறேன். பங்கு வாங்கி ஒருமுறை சூடும் பட்டிருக்கிறேன் (எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டுக்காரியும் இதை வாசிக்கிறவ).

மச்சான் சொன்ன 6 வீதம் பொய் இல்லை. எங்கிருந்து கூடியது என்று கேளுங்கள். 2016இல் உலகத்தில் ஏறக்குறைய 147 கோடி ஸ்மார்ட்போன் போனது. 2023இல் 117 கோடிக்கு விழுந்தது. 2024இல் 124 கோடி. போன போகம் வெள்ளம் அள்ளி ஏக்கருக்குப் பத்து மூட்டை கண்டவன், இந்தப் போகம் பன்னிரண்டு கண்டுவிட்டு "விளைச்சல் 20 வீதம் கூடிவிட்டது" என்றால் நீங்கள் சிரிக்க மாட்டீர்களா?

நேற்றுப் பின்னேரம் முரசுமோட்டையில் இருந்து ஒரு அம்மா வந்தா. பற்றறி ஊதிப் பின்மூடி கிளம்பின போனை ரப்பர் பாண்டால் கட்டி வைத்திருந்தா. "மகன் பிரான்சில இருந்து இதிலதான் முகம் காட்டுறவன், இதையே திருத்தித் தா" என்றா. மூடியைச் சூடுகாட்டிக் கழற்றி, ஊதின பற்றறியைப் பிளாஸ்டிக் தகட்டால் குத்துப்படாமல் கிளப்பி எடுக்க முக்கால் மணித்தியாலம். இடையில் புதுப் போன் ஒன்றைக் காட்டினேன். விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. 200 ரூபாயில் நின்ற டொலர் 2022இல் 360 வரை ஏறியது, 2024 தையில் போனுக்கும் 18 வீத வற் வந்தது. இப்போது என் கடையில் புதுப் பெட்டியை விட டிஸ்பிளேயும் பற்றறியும்தான் ஓடுகிறது.

விற்பனை நன்றாக இருந்தாலும் பங்கு ஏறும் என்று இல்லை. சீனப் போன் கம்பனி ஷாவ்மி 2018 ஆடியில் 17 ஹொங்கொங் டொலருக்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த வருடம் 10க்கும் கீழே. போன் ஓடாமல் இல்லை. எல்லாரும் வைத்த நம்பிக்கைக்கும் சேர்த்து முதல் நாளே விலை கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். பிறகு ஏறியதும் உண்மை, ஆனால் அதுவரை உரக்கடைக்காரன் பொறுப்பானா?

வவுனியா நிலா:
அண்ணை சொல்வது போன் செய்கிற கம்பனிக்குச் சரி. கொழும்புப் பங்குச் சந்தையில் போன் சம்பந்தமாகப் பெரிதாக இருப்பது சிக்னல் தருகிறவர்கள்: டயலொக், மொபிடெல்லை வைத்திருக்கும் ஸ்ரீலங்கா ரெலிகொம். போன் பழையதோ புதியதோ, அந்த அம்மா வீடியோவில் கதைத்தால் அவர்களுக்கு டேட்டாக் காசு. 2009இல் ஐந்து கம்பனி அடிபட்டு விலையைக் குறைத்தன. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்த பிறகு மூன்றுதான். போட்டி குறைந்ததால், முதலீட்டாளர் நம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணம். சிடிஎஸ் கணக்கு (வாங்கும் பங்கு உங்கள் பெயரில் பதிவாகும் கணக்கு) திறந்து சின்னத் தொகையில் பழகிப் பாருங்கள். அடுத்த விதைப்புக்கு வைத்த காசில் கை வைக்க வேண்டாம்.

பரந்தன் போன்கடை:
தங்கச்சி, பிடித்துவிட்டீர்கள். அந்த அம்மா பற்றறிக் காசில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினவ, போகும்போது பேசாமல் ஒரு மாத டேட்டா போட்டுக்கொண்டு போனா.

மல்லாவியான்:
மச்சானிடம் 147 கோடிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. வவுனிக்குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு என்று விவசாயிகள் கூட்டத்தில் முடிவாகட்டும், மிஞ்சினால் ஒரு 50 ஆயிரத்தோடு பார்க்கிறேன். அண்ணை, என் போனின் பின்மூடியும் ஒரு பக்கம் கிளம்பித்தான் நிற்கிறது. ஞாயிறு கடை திறப்பீர்களா?