ஸ்வீடனின் பனிச்சறுக்கு வீரர் இங்கெமார் ஸ்டென்மார்க் உங்களுக்கு எப்படி அறிமுகமானார்?

நானே ஆரம்பிக்கிறேன். வடக்கு ஸ்வீடனின் உமேயோ நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். காபி இடைவேளையில் பேச்சுக் கொடுப்பதற்காக, ஸ்வீடனின் மிகப் பெரிய விளையாட்டு வீரர் யார் என்று கேட்டுவைத்தேன். டென்னிஸ் வீரர் போர்க் என்பார்கள், இல்லாவிட்டால் கால்பந்து வீரர் ஸ்லாத்தான் என்பார்கள் என்று நினைத்தேன். ஐம்பதைத் தாண்டிய மூன்று பேர் ஒரே நேரத்தில் "இங்கெமார்" என்றார்கள். குடும்பப் பெயரே சொல்லவில்லை, நானாகத்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒரு அம்மா, சின்ன வயதில் அவர் சறுக்கும் நாளில் டீச்சர் வகுப்புக்குள் டிவியை உருட்டிக்கொண்டு வருவார், கணக்குப் பாடம் அதோடு சரி என்று சொல்லிச் சிரித்தார். ஸ்லாலம் என்றால் நட்டுவைத்த கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்குவது. அதில் இரண்டு ஓட்டம் உண்டு, இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. இவர் முதல் ஓட்டத்தில் மூன்றாவதோ நான்காவதோ வந்துவிட்டுச் சும்மா நிற்பாராம், இரண்டாவதில் எல்லோரையும் தாண்டிவிடுவாராம். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் பிரிவு) இரண்டு தங்கமும் அப்படி வந்ததுதான். "முதல் ஓட்டத்தை நாங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவே மாட்டோம்" என்றார் அந்த அம்மா.

*

நான் அவர் ஊருக்கே போயிருக்கிறேன். உமேயோவிலிருந்து ஈ12 சாலையைப் பிடித்தால் ஸ்டோருமான் தாண்டி நார்வே எல்லைப் பக்கம் தேர்னபி வரும். சுமார் ஐந்நூறு பேர் வாழும் ஊர். (அவர் பிறந்தது இன்னும் உள்ளே, யோயெஹோ என்ற குக்கிராமத்தில், 1956 மார்ச்சில்.) பெரிய மலையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன், ஆல்ப்ஸ் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போன கண். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் சரிவு வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளி விட்டதும் பை ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். லிஃப்டில் மேலே, சறுக்கிக் கீழே, மறுபடி மேலே, இருட்டும்வரை இதே வேலை. நம்மூர்ப் பையன்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்து ஸ்லாலம் வீரர் ஸ்டிக் ஸ்ட்ராண்டும் இதே ஊர்தான். பிறகு வந்த ஆன்யா பார்ஷோனும் இங்கே வளர்ந்தவர்தான், 2006 டூரினில் ஸ்லாலம் தங்கம், அடுத்த வருடம் ஸ்வீடனின் ஓரேயில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தங்கம். ஒரு குக்கிராமத்துக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம்! வாடகை ஸ்கீயில் நானும் இறங்கினேன். நான்காவது முறை விழுந்தபோது ஏழு வயதுப் பொடியன் ஒருவன் நின்று, முழங்காலை மடக்கு என்று சொல்லிவிட்டுப் போனான்.

*

குறுக்கே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். 86 உலகக் கோப்பை வெற்றி சரி. ஆனால் ஒரு பருவத்தின் எல்லாப் பிரிவுப் புள்ளிகளையும் கூட்டித் தரும் மொத்தப் பட்டம் 1976, 77, 78 என மூன்றே மூன்று. அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில் பிரிவில் அநேகமாகப் போட்டியிடாதவரை எப்படி எல்லா காலத்துக்கும் சிறந்தவர் என்பது?

*

மேலே கேட்டவருக்கு: நியாயமான கேள்விதான், என் மாமனாரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் 1979. அந்தப் பருவத்தில் பத்து ஜயன்ட் ஸ்லாலம் போட்டி, பத்தும் இவருக்கே. ஸ்லாலமும் சேர்த்தால் 13 வெற்றி. ஆனால் மொத்தப் பட்டியலில் ஐந்தாவது! ஒவ்வொரு பிரிவிலும் சில போட்டிகளின் புள்ளிகள்தான் கணக்கில் சேரும் என்று விதியை மாற்றியிருந்தார்கள். "இவரை நிறுத்த மலையால் முடியவில்லை, காகிதத்தால் நிறுத்தினார்கள்" என்பார் மாமனார். அதே வருடம் செக்கோஸ்லோவாக்கியாவின் யாஸ்னாவில் இரண்டாவது வந்தவரைவிட 4.06 வினாடி முன்னால். நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டு இது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணிப் பாருங்கள், அவ்வளவு நேரம் கழித்துத்தான் அடுத்த ஆள்.

1984 சரயேவோ ஒலிம்பிக்குக்கு அவரை விடவே இல்லை, தொழில்முறை வீரர்களுக்கான உரிமம் வைத்திருந்தார் என்று. டவுன்ஹில் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 1979 இலையுதிர் காலத்தில் டவுன்ஹில் பயிற்சியில் விழுந்து தலையில் பலத்த அடி, அதன்பிறகு ஆசையும் போயிருக்கும்.

*

2023 மார்ச்சில் ஓரேயில் நான் இருந்தேன். டிக்கெட் வாங்கியது அமெரிக்க வீராங்கனை ஷிஃப்ரினுக்காக. முதல் நாள் ஜயன்ட் ஸ்லாலத்தில் ஜெயித்து ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பை வெற்றியைத் தொட்டார், மறுநாள் ஸ்லாலத்தில் 87. ஸ்டென்மார்க் 1989இல் ஓய்வு பெற்றபோது விட்டுப்போன கணக்கு, 34 வருடம் கழித்து அவர் நாட்டிலேயே கைமாறியது. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. அந்த ஐயா பலமாகக் கைதட்டினார், பிறகு தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வருத்தமா என்று கேட்டேன். "தே பார் ஓ ஓக்" என்றார். சறுக்க வேண்டியதுதான், வேறென்ன என்பது போல. ஸ்டென்மார்க் சொன்னதாக நாடே சொல்லும் வாசகம் அது. எப்படி இவ்வளவு நன்றாகச் சறுக்குகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் தருகிற முழு பதிலே அவ்வளவுதான் என்பார்கள்.

*

எங்கள் வீட்டுக் கதை வேறு. 2015இல் டிவியில் 'லெட்ஸ் டான்ஸ்' நிகழ்ச்சி. பேசவே கூச்சப்படுகிற மனிதர், 59 வயதில் வாரா வாரம் ஆடி, கடைசியில் பட்டமே வாங்கிவிட்டார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது, ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாள். அடுத்த குளிர்காலத்தில் பழைய லேக் பிளாசிட் காட்சி ஏதோ ஓடியபோது பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, அந்த டான்ஸ் தாத்தாவுக்கு ஸ்கீயும் தெரியுமா?"