பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு ஆன்லைன் படிப்பு போதுமா?

தேவிகுளத்தான்:
எங்கள் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒன்பதாவது படிக்கும் பிள்ளை, தமிழ் வழி. முதுகில் ஆபரேஷன். எஸ்டேட் ரோட்டில் ஜீப்பில் போகவே கூடாது என்கிறார் டாக்டர். டி.சி. வாங்கி, என்ஐஓஎஸ் என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது சேர்த்து ஆன்லைனில் படிக்க வைக்கலாம் என்கிறேன். 14 வயது ஆனால் போதும், தமிழிலேயே தேர்வு எழுதலாம், முடிக்க ஐந்து வருடம் இருக்கிறது. உடம்பு தேறியபின் எழுதட்டுமே.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அண்ணா, டி.சி. மட்டும் வாங்காதீர்கள். ரெஜிஸ்டரில் பெயர் இருக்கும்வரை அவள் பள்ளியின் பொறுப்பு. பெயர் போனால் அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்க ஆளில்லை. படுக்கையில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்க சமக்ர சிக்ஷா என்ற அரசுப் பள்ளிக்கல்வித் திட்டத்தில் ரிசோர்ஸ் டீச்சர் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் வட்டார அலுவலகமான பி.ஆர்.சி.யில் கேளுங்கள்.

தேவிகுளத்தான்:
வருகிறவருக்குத் தமிழ் தெரியுமா, டீச்சர்? வாரம் ஒரு முறை வந்தால் எவ்வளவு நடத்த முடியும்? 2020 ஜூனில் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது தமிழ் வழிப் பாடங்களும் யூடியூபில் வந்தன. புரியாத இடத்தை எத்தனை முறையும் திருப்பிப் பார்க்கலாம். வகுப்பில் அது நடக்குமா?

வட்டவடைப் பெண்:
அந்த வருடம் என் மகனும் அப்படித்தான் படித்தான். நான் காலையில் கொழுந்து பறிக்கப் போனால் வீட்டிலிருந்த ஒரே போனும் என்னோடு வந்துவிடும். சாயங்காலம் அவன் கைக்கு வரும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. டவர் கிடைக்க மழையில் குடை பிடித்து ரோட்டு மேட்டில் உட்காருவான். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளை எந்த மேட்டுக்குப் போகும்? வீடியோவைப் பத்து தடவை பார்த்தும் அல்ஜீப்ரா பிடிபடவில்லை. பள்ளி திறந்தபின் சார் நோட்டைப் பார்த்து, மைனஸ் குறியை விட்ட இடத்தைக் காட்டினார். அப்புறம்தான் போட வந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
அதைத்தான் சொல்கிறேன். வீடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோட்டைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். என்ஐஓஎஸ்ஸிலும் ஸ்டடி சென்டர், பிராக்டிகல், தேர்வு என்று நேரில் போகத்தான் வேண்டும். பக்கத்துப் பள்ளியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் அலைவதா?

தேவிகுளத்தான்:
தூரம் சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு டீச்சர் வருவார் என்று காத்திருந்தே பிள்ளைக்குப் படிப்பு விட்டுப்போகக் கூடாது. திங்களன்று அவள் அப்பாவோடு மூணாறு பி.ஆர்.சி.க்குப் போகிறேன். தமிழ் தெரிந்தவர் வருவார் என்று எழுதிக் கொடுத்தால் டி.சி. பேச்சை விடுகிறேன்.

வட்டவடைப் பெண்:
அவளுக்கென்று தனியாக ஒரு போனுக்கும் சேர்த்துக் கேளுங்கள், அண்ணே.