சிங்கப்பூர் பயணம்: எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்?

ரேவதி_தஞ்சை:
மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்புகிறோம். அத்தைக்கு வெற்றிலையோடு புகையிலையும் வேண்டும். சின்னவன் பையில் எப்போதும் சூயிங்கம். அங்கே தொட்டதற்கெல்லாம் அபராதம் என்கிறார்களே, நிஜமா?

கோவை_குசும்பன்:
சூயிங்கம் மென்றால் ஜெயில் என்று எத்தனை வருஷமாக இதே கதையை ஓட்டுவார்கள்? உங்கள் பையன் பையைக் குடைவதுதான் அவர்களுக்கு வேலையா? ஜாலியாகப் போய்விட்டு வாருங்கள்.

சிராங்கூன்_வாசி:
மென்றால் ஜெயில் இல்லைதான். 1992இல் வந்த தடை விற்பனைக்கும் இறக்குமதிக்கும். ரயில் கதவு சென்சாரில் கம்மை ஒட்டிவிட்டுப் போனார்கள், கதவு மூடாமல் ரயில் நின்றது, அதில் வந்த வினை. 2004இலிருந்து நிகோடின் கம் மாதிரி சிலது மட்டும் மருந்தாளரிடம் கிடைக்கும். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் கொண்டுவரக் கூடாது.

ஆனால் ரேவதி, கவலைப்பட வேண்டியது அத்தையின் புகையிலைக்குத்தான். மெல்லும் புகையிலை இங்கே முழுத் தடை. வெற்றிலை பாக்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் வாங்கிக்கொள்ளலாம், ரோட்டில் துப்பாமல் இருந்தால் போதும்.

கோவை_குசும்பன்:
சிகரெட்டை விற்று வரி வாங்குவார்களாம், கிழவியின் புகையிலை மட்டும் குற்றமாம். நல்ல நியாயம்!

சிராங்கூன்_வாசி:
நியாயத்தை விமான நிலையத்தில் நின்று பேச முடியாது குசும்பன். சிகரெட்டுக்கும் சலுகை இல்லை. டியூட்டி ஃப்ரீ என்பது ஒற்றை சிகரெட்டுக்குக்கூடக் கிடையாது. சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். சட்டைப்பையில் கிடக்கும் பாக்கெட்டை மறந்து, எதுவும் இல்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் நடப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். வேப் (மின்சிகரெட்) இன்னும் மோசம், வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து பெரியவர்களுக்கு முதல் தடவையே 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

மன்னை_மைந்தன்:
சூயிங்கத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வராத சட்டம் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதி நம்மூர்த் தொழிலாளி ஒருவர் இறந்தார், கலவரம் வெடித்தது. அதையொட்டி 2015இல் மதுச் சட்டம் வந்தது. ஊர் முழுக்கப் பொது இடத்தில் இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங் என்ற இன்னொரு வட்டாரத்திலும் மட்டும் சனி காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழு வரை முழுத் தடை. தொழிலாளிக்குக் கிடைப்பதே அந்த ஒரு ஞாயிறு.

சிராங்கூன்_வாசி:
நான் அந்தப் பக்கம் குடியிருப்பவன். திங்கள் காலையில் படிக்கட்டில் கிடந்த பாட்டில்களைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். கேலாங்குக்கும் அதே விதிதானே, இது நம்மவர்களைக் குறிவைத்தது இல்லை.

மன்னை_மைந்தன்:
கேலாங்கையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆர்ச்சர்ட் ரோட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் பியர் டின்னைத் திறந்தால் சட்டம் சும்மா இருக்கும். தேக்காவில் அதே டின், அதே நேரம், குற்றம். பாட்டில் போடுகிறவனைப் பிடிக்கக் குப்பைச் சட்டம் ஏற்கெனவே இருந்ததே.

சிராங்கூன்_வாசி:
அது பேருக்கு இருந்தது. படிக்கட்டு சுத்தமானது இதற்கு அப்புறம்தான்.

ரேவதி_தஞ்சை:
எங்கள் வீட்டில் குடிக்கிறவர்கள் இல்லை, அதை நீங்களே பேசி முடியுங்கள். ரயிலில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கலாமா?

சிராங்கூன்_வாசி:
சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது, தண்ணீரும் அதில் சேர்த்தி. 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. உள்ளே போகுமுன் குடிக்க வைத்துவிடுங்கள். துரியான் வாங்கினால் ரயிலில் ஏற்றாதீர்கள். அப்புறம், உணவங்காடியில் சாப்பிட்ட ட்ரேயை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து கண்டிப்பு. முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி.

கோவை_குசும்பன்:
சாப்பிட்ட தட்டை ஆம்பிளைகளும் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு சட்டமா? இதை முதலில் எங்கள் வீட்டில் கொண்டுவரட்டும், என் மனைவியின் ஓட்டு உறுதி. மற்றபடி மன்னை சொன்னதற்குத்தான் என் ஓட்டு.